பழகுவதும் பழக்குவதும்

(மணமேல்குடியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "இந்த வருஷச் சந்திப்பு உங்க ஊர்லதான், நீங்க ஒரு அரை மணி நேரம் பேசணும்" என்றார். என்ன தலைப்பு என்று கேட்டேன். "நீங்களே வச்சுக்குங்க, பசங்களுக்குப் பயன்பட்டாச் சரி" என்றார். யோசித்துப் பார்த்தேன். பயன்படும்படி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் நான் தப்பாகச் செய்து, பிறகு கற்றுக்கொண்டது. அப்ரண்டிஸ் பயிற்சி. சட்டம் வைத்த பெயர் தொழிற்பழகுநர் பயிற்சி. அதைப் பற்றியே பேசுகிறேன்.

மணமேல்குடி என்றால் பெரியவர்களுக்குக் குலச்சிறை நாயனார் நினைவுக்கு வருவார். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டீசல் வாடை. இங்கிருந்து தெற்கே கோட்டைப்பட்டினத்தில் என் தாய்மாமா விசைப்படகு எஞ்சின்களுக்கு வேலை பார்த்தார். ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். நான் பள்ளியில் படித்தபோது 45 நாள். 2017-இலிருந்து 61 நாள் ஆக்கி, ஜூன் 14 வரை என்று வைத்திருக்கிறார்கள். படகு கடலுக்குப் போகாத அந்த நாட்களில்தான் எஞ்சினை இறக்கிப் பிரித்து மாட்டுவார்கள். எனக்கோ கோடை விடுமுறை. வீட்டில் சும்மா இருக்க விடுவார்களா? மாமா பட்டறைக்கு அனுப்பி விடுவார்கள்.

பட்டறையில் என் உத்தியோகம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது. "பதினாறு பதினேழு" என்பார் மாமா. தப்பான சைஸைக் கொடுத்தால் திட்ட மாட்டார். வாங்காமல் கையை நீட்டியபடியே இருப்பார். சரியானது வரும்வரை அந்தக் கை அப்படியே நிற்கும். மூன்று கோடைக்குப் பிறகு அவர் கேட்பதற்கு முன்பே எடுத்து வைக்கப் பழகிவிட்டேன். எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது புகையைக் காட்டுவார். "கறுப்பாப் போனா டீசல் முழுசா எரியல, காத்து பத்தல, இல்லைன்னா லோடு ஜாஸ்தி. நீலமாப் போனா ஆயில் எரியுது, ரிங்கைப் பாரு. வெள்ளையா விடாமப் போனா தண்ணி உள்ள போகுதான்னு பாரு." பிற்பாடு நம் கல்லூரியில் வெப்ப எஞ்சின் தேர்வில் இதே கேள்வி வந்தது. பத்து மதிப்பெண். புத்தகத்தைத் திறக்காமலே எழுதினேன்.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். ஒரு சமயம் ஒரு தொழிற்சாலையில் டீசல் ஜெனரேட்டர் பராமரிப்புக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு மாமா போனார். முப்பது வருஷம் எஞ்சினோடு வாழ்ந்தவர். வாசலிலேயே, "சர்டிபிகேட் என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார். நான் இறுதியாண்டு முடித்து முதல் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது என் கையில் சான்றிதழ் இருந்தது, முதல் வகுப்பும் இருந்தது. எதிரே இருந்தவர் ஒரு மைக்ரோமீட்டரையும் ஓர் எஃகு முளையையும் மேசைமேல் வைத்து, "அளந்து சொல்லுங்க" என்றார். என்னால் முடியவில்லை. குற்றம் ஆசிரியர்களுடையது அல்ல. ஆய்வகத்தில் பத்துப் பேரில் ஒருவன் அளக்க, மற்ற ஒன்பது பேர் பார்த்து எழுதினோம். நான் ஒன்பதில் ஒருவன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அது என் கதை. ஏடே இல்லாத சுரைக்காய்க்குச் சந்தையில் விலை கிடையாது. அது மாமா கதை. இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்க்கிற ஏற்பாடுதான் அப்ரண்டிஸ் பயிற்சி.

யாருக்கு இது அதிகம் தேவை? ஒரு தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். வரைபடம் போடும் பொறியாளரைத் தெரியும். இயந்திரத்தை ஓட்டும் தொழிலாளரைத் தெரியும். இவர்களுக்கு நடுவே ஒரு கூட்டம் இருக்கிறது. இயந்திரம் நிற்பதற்கு முன்பே சத்தத்தைக் கேட்டு எச்சரிக்கிற பராமரிப்பு டெக்னீஷியன். வந்த பொருளும் போகும் பொருளும் அளவில் இருக்கிறதா என்று பார்க்கிறவர். அளக்கும் கருவியே சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறவர். எந்த வேலை எந்த இயந்திரத்தில் எந்த வரிசையில் போக வேண்டும் என்று திட்டமிடுகிறவர். ஜிக், ஃபிக்ஸ்சர் தயார் செய்கிறவர். உற்பத்தி எண்ணிக்கையில் இவர்கள் பெயர் வராது. இவர்கள் ஒரு நாள் வராவிட்டால் உற்பத்தியே வராது. டிப்ளமோ முடித்தவர்களில் பலரும், பட்டம் பெற்றவர்களில் சிலரும் போய்ச் சேரும் இடம் இதுதான்.

இந்த வேலையை வகுப்பறையில் ஏன் முழுதாகக் கற்றுத்தர முடியாது? ஓர் உதாரணம் சொல்கிறேன்.

முதல் நேர்முகத் தேர்வில் தோற்ற பிறகு, திருச்சிப் பக்கம் ஓர் ஆலையில் ஓராண்டு பட்டதாரி அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். கடைசல் இயந்திரத்தில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தண்டு கடைந்துகொண்டிருந்தார்கள். அதில் அனுமதித்த வேறுபாடு 0.035 மில்லிமீட்டர்தான். கடைந்து முடித்த கையோடு நான் அளந்தேன். அளவு சரி என்று எழுதிவிட்டேன். மறுநாள் காலை அதே தண்டை ஆய்வுப் பிரிவில் அளந்தால் சிறுத்துக் கிடக்கிறது! ரிஜெக்ட்.

எங்கள் ஃபோர்மேன் சத்தம் போடவில்லை. அடுத்த தண்டு இயந்திரத்தை விட்டு இறங்கியதும் என்னைக் கூப்பிட்டார். "இதை அரை மணிக்கு ஒரு தரம் அள. சூட்டையும் பாரு. ரெண்டையும் நோட்ல எழுது. வேற எந்த வேலையும் செய்ய வேண்டாம்" என்றார். மதியம் வரை அளந்தேன். இறங்கும்போது தண்டின் சூடு சுமார் 60 டிகிரி. ஷெட்டின் சூடு 30 டிகிரி. ஆற ஆற அளவு குறைந்துகொண்டே வந்தது. மாலையில் கணக்குப் போடச் சொன்னார். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 11.5 மைக்ரான் விரியும். அப்படியானால் 100 மில்லிமீட்டர், 30 டிகிரிக்கு? ஏறத்தாழ 35 மைக்ரான். அதாவது 0.035 மில்லிமீட்டர். வரைபடம் கொடுத்த சலுகை முழுவதையும் சூடே சாப்பிட்டுவிட்டது!

அளவுகளுக்கு அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்பதை இரண்டாம் ஆண்டிலேயே மனப்பாடம் செய்தவன் நான். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு நாள் சம்பளத்தையும் ஒரு தண்டையும் செலவழித்து அந்த மனிதர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஃபோர்மேனுக்கு அன்று உற்பத்தி குறைந்திருக்கும். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். தூக்கம் வராது, பயப்படாதீர்கள்.

தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. முதலில் பிட்டர், டர்னர், வெல்டர் போன்ற தொழிற்பிரிவுகளுக்குத்தான். 1973-இல் திருத்தம் செய்து, பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 1986-இல் மேல்நிலைத் தொழிற்கல்வி படித்தவர்களுக்கும் கதவு திறந்தது. தென்மாநிலங்களில் பட்டதாரி, டிப்ளமோ பழகுநர்களின் பொறுப்பு சென்னைத் தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்திடம் இருக்கிறது.

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்துக் கணக்கிட்டு, 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். நான்கு பேர் முதல் 29 பேர் வரை உள்ள சிறு நிறுவனமும் விரும்பினால் எடுக்கலாம். 2019-இல் திருத்திய விதிகள் குறைந்தபட்ச மாத உதவித்தொகையை டிப்ளமோ படித்தவருக்கு 8,000 ரூபாய், பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று வைத்தன. தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தின்கீழ் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது.

நம் பக்கத்துக்கு இது புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை 1928-இல் பொன்மலைக்கு வந்ததிலிருந்து அங்கே பழகி வெளியே வந்த கைகள் எத்தனையோ. 1960-களில் திருச்சியில் எழுந்த பெல் கொதிகலன் ஆலை இன்றும் பழகுநர்களை எடுக்கிறது. அதை நம்பி எழுந்த சிறு ஃபேப்ரிகேஷன் ஆலைகள் துவாக்குடியிலும் நம் மாவட்டத்து மாத்தூரிலும் இருக்கின்றன. கோவையில் ஜி.டி. நாயுடு, படிப்பு என்பது நான்கு வருஷம் உட்கார்ந்து கேட்பதல்ல, கையால் செய்து குறைந்த காலத்தில் கற்பது என்று 1940-களிலேயே வாதாடினார். ஜெர்மனியில் 1969-இல் சட்டமே போட்டு, வாரத்தில் சில நாள் ஆலை, சில நாள் தொழிற்பள்ளி என்று மூன்று, மூன்றரை ஆண்டு பழக்குகிறார்கள். அங்கே பழக்குபவருக்கும் தனியாகத் தகுதித் தேர்வு உண்டு. இதைக் கவனியுங்கள். பழகுபவருக்கு மட்டுமல்ல, பழக்குபவருக்கும் தேர்வு! நான் இப்போது சொல்லப்போவது அதனால்தான்.

நண்பர்களே, இதுவரை நல்ல கதை சொன்னேன். இனி என் குறையைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பணிபுரிந்த ஒரு தொழிற்சாலையில் என் பிரிவுக்குப் பன்னிரண்டு அப்ரண்டிஸ்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் கடற்கரைக்காரத் தம்பி, டிப்ளமோ மெக்கானிக்கல். வந்த மூன்றாம் நாளே என்னைத் தேடி வந்து, "அண்ணே, நானும் மணமேல்குடிப் பக்கந்தாண்ணே" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த மாதம் ஆர்டர் நெருக்கடி, பேக்கிங் பிரிவில் ஆள் பற்றாக்குறை. "ஒரு ரெண்டு வாரம் அங்க நில்லுங்கப்பா" என்று பன்னிரண்டு பேரையும் அனுப்பினேன். இரண்டு வாரம் இரண்டு மாதம் ஆயிற்று. இரண்டு மாதம் ஆறு மாதம் ஆயிற்று. அட்டைப்பெட்டி ஒட்டினார்கள், லாரி ஏற்றினார்கள். மாதக் கடைசியில் பயிற்சிப் பதிவேடு என் மேசைக்கு வரும். "மெஷின் பராமரிப்பு: திருப்திகரம். அளவியல்: திருப்திகரம்." பன்னிரண்டு கையெழுத்து. ஐந்து நிமிஷ வேலை. பேனா மூடியைக்கூட மூடாமல் போட்டிருக்கிறேன்.

ஏழாவது மாதம் அந்தத் தம்பி சொல்லாமல் நின்றுவிட்டார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை என்று அலுவலகத்தில் சொன்னேன். நாலு பேர் தலையாட்டினார்கள்.

அடுத்த ஆண்டு பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். இதோ, இந்த மண்டபத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். படகு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "ஏம்ப்பா பாதியில வந்துட்ட?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, ஒரு கம்பெனி இன்டர்வியூக்குப் போனேண்ணே. அந்தப் பயிற்சி நோட்டைக் காட்டுனேன். அளவியல் தெரியும்னு எழுதியிருக்கே, இதை அளங்கன்னு மைக்ரோமீட்டரைக் குடுத்தாங்க. எனக்குத் தெரியலண்ணே. நோட்ல உங்க கையெழுத்து இருக்கு, எங் கையில வேலை இல்லையேண்ணே."

அதே மைக்ரோமீட்டர். நான் தோற்ற அதே இடம். நான் தோற்றபோது எனக்கு ஒரு ஃபோர்மேன் கிடைத்தார். இந்தத் தம்பிக்குக் கிடைத்தது நான்.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தை முதல் தடவையாக முழுதும் படித்தேன். அதுவரை விழுக்காட்டுக் கணக்கு மட்டும்தான் எனக்குத் தெரியும். பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர் என்று சட்டம் சொல்கிறது. இதைத்தான் எல்லா நிறுவனமும் வசதியாக நினைவில் வைத்திருக்கும். ஆனால் அதே சட்டம், பயிற்சியோடு தொடர்பில்லாத வேலையில் பழகுநரை ஈடுபடுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. ஆலோசகரின் அனுமதி இல்லாமல் மிகைநேர வேலை வாங்கக் கூடாது. எண்ணிக்கைக் கூலி போடக் கூடாது. பயிற்சியின் முன்னேற்றத்துக்குப் பதிவேடு வைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில்தான் நான் பொய் எழுதியிருந்தேன்.

திரும்பிப் போய் மேலாளரிடம் பேசினேன். உடனே மாறிவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். இழுபறிக்குப் பிறகு அடுத்த அணிக்கு ஓர் ஆண்டுத் திட்டம் போட்டோம். முதல் இரண்டு மாதம் பாதுகாப்பு, கைக்கருவிகள், அளவெடுப்பு. அடுத்த மூன்று மாதம் பராமரிப்பு. மூன்று மாதம் தரப்பரிசோதனை. இரண்டு மாதம் திட்டமிடலும் ஸ்டோரும். கடைசி இரண்டு மாதம் சொந்தமாக ஒரு சிக்கலை எடுத்து முடிவு காண வேண்டும். தினமும் அரைப் பக்கம் டைரி. என் கையெழுத்து விழ வேண்டுமானால், எழுதியதை என் எதிரில் செய்து காட்ட வேண்டும்.

அந்த அணியில் ஒரு தங்கை இருந்தார். ஒரு கன்வேயரில் பேரிங் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மாற்றிக்கொண்டே இருந்தோம், மட்டமான சரக்கு என்று சப்ளையரைத் திட்டினோம். அவர் பழைய பழுதுப் பதிவேட்டை எடுத்துத் தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதினார். பெரும்பாலும் வாரத் தொடக்கத்தில்தான் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவுகிறோம். பேரிங் சீலுக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுக்கிறது. ஒரு தகரத் தடுப்பு வைத்தோம், தொல்லை விட்டது. டெக்னீஷியன் என்பவர் பழுதை நீக்குவதோடு நிற்காமல் அதன் காரணத்தையும் தேடிப் பிடிப்பவர் என்று எனக்கே புரிய வைத்தவர் அந்தத் தங்கை.

மாணவத் தம்பி தங்கையரே, உங்களுக்குச் சில வார்த்தை. அப்ரண்டிஸாகச் சேரும்போது ஒப்பந்தம் பதிவாகிறதா என்று பாருங்கள். பதிவில்லாத "டிரெய்னி" வேலை வேறு, இது வேறு. பன்னிரண்டு மாதத்துக்குத் திட்டம் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். முடிவில் வேலை கட்டாயம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டம் அப்படி உறுதி தரவில்லை. ஓர் ஆண்டு அனுபவமும் சான்றிதழும் கிடைக்கும். டைரியை நீங்களே எழுதுங்கள், செய்யாததை எழுதாதீர்கள். நாள் கணக்கில் பெட்டி தூக்கச் சொன்னால் ஒரு வாரம் தூக்குங்கள், பிறகு வாயைத் திறந்து கேளுங்கள். கேட்காமல் ஓடி வந்துவிடாதீர்கள். பெரிய ஆலைப் பெயர்தான் வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பத்துப் பேர் உள்ள பட்டறையில் எல்லா வேலையும் கண்முன்னே நடக்கும்.

இங்கே வந்திருக்கும் பெற்றோருக்கும் ஒன்று. இந்தத் தொகைக்கு ஒரு வருஷம் வீணா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வெளியூரில் அறை வாடகையும் சாப்பாடும் போக அதில் மிச்சம் இருக்காது என்பதும் உண்மை. வீட்டில் கஷ்டம் இருக்கிற பிள்ளைக்கு அந்த ஓராண்டு பெரிய சுமை. அந்தச் சுமையைத்தான் முன்னாள் மாணவர்களாகிய நாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

எனவே நண்பர்களே, சங்கத்துக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, திருச்சியிலோ சென்னையிலோ ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்து, பயிற்சிக்குப் போகும் நம் கல்லூரிப் பிள்ளைகளைத் தங்க வைப்போம். என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவேன். இரண்டு, நம்மில் ஆலை நடத்துகிறவர்கள், பிரிவுப் பொறுப்பில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பழகுநரை நம் கல்லூரியிலிருந்து எடுப்போம். எடுப்பது சுலபம். அவருக்குத் தினம் அரை மணி நேரம் கொடுப்பதுதான் கஷ்டம். அந்த அரை மணியைக் கொடுக்க முடியாதவர்கள் தயவுசெய்து எடுக்க வேண்டாம். கையெழுத்து மட்டும் போடுவதற்கு ஆள் தேவையில்லை.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தத் தம்பியை இன்றைய கூட்டத்துக்கு அழைத்திருந்தேன். படகு கடலில் இருப்பதால் வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். போன தடைக்காலத்தில் கோட்டைப்பட்டினத்தில் என் மாமா பட்டறையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் கொண்டுபோன மைக்ரோமீட்டரால் எஞ்சின் பிஸ்டன் பின்னை அளந்தோம். மூன்றாவது தடவையில் அவர் சரியாகச் சொன்னார். மாமா வாங்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுதானா?" என்றார். ஆமாம், இம்புட்டுதான். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஏழு மாதம் அவகாசம் இருந்தது.